காளை எங்கே?

தஞ்சாவூருக்குப் போகிற எங்கட ஆட்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அரண்மனைக்கும் போங்கள் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, பிறகு மராட்டியர் இருந்த இடம். 1855இல் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசில்லாமல் இறக்க, கும்பனி ஆட்சி அந்த அரச பட்டத்தையே இல்லாமல் செய்தது. 1951இல் அரண்மனையின் ஒரு பகுதி கலைக்கூடமானது.

உள்ளே எத்தனையோ செப்புத் திருமேனிகள். நாங்கள் கனநேரம் நின்றது திருவெண்காட்டு ரிஷபவாகனருக்கு முன்னால்தான். மூன்றரை அடி உயரம். சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுருட்டி, ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து நிற்கிற சிவன். வலக்கை எதிலோ சாய்ந்திருக்கிறது. ஆனால் கைக்குக் கீழே ஒன்றுமில்லை. அங்கே நிற்கவேண்டிய காளை இல்லை. பக்கத்தில் உமை மட்டும் நிற்கிறாள்.

இவர்கள் யார் என்று எப்படித் தெரியும்? திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. முதலாம் இராசராசன் காலத்தில், 1011இல் சிவனும் அடுத்த ஆண்டு உமையும் கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அரசன் மலை மாதிரிக் கோயில் கட்டினான். ஊர்க் கோயிலில் யாரோ ஒருவர் மெழுகில் உருச்செய்வித்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவித்தார். எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய வேலை!

பிறகு ஏதோவொரு ஆபத்துக் காலத்தில் சிலைகளை மண்ணுக்குள் ஒளித்திருக்கிறார்கள். ஒளித்தவர்கள் திரும்பி வரவில்லை. நூற்றாண்டுகள் கழித்துத் தோண்டும்போது வெளியே வந்தன. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைப்பது அரசாங்கத்துக்குப் போகலாம். அப்படித்தான் கடவுள் அரண்மனைக்கு வந்தார். கல்வெட்டு திருவெண்காட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

இந்தக் கதை எங்களுக்குப் புதுசில்லை. பொலன்னறுவைச் சிவன் கோயில் இடிபாடுகளில் கிடைத்த செப்புத் திருமேனிகளும் கொழும்பு நூதனசாலையில்தான் நிற்கின்றன. அங்கே இருப்பதால்தான் களவு போகாமல் தப்பின என்பார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களிலிருந்து எத்தனை சிலைகள் வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டன என்று பார்த்தால், அது வெறும் சாட்டில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் அபிஷேகமும் பட்டும் பூவும் கண்ட திருமேனியை இப்ப வெறும் உலோகமாகத்தான் பார்க்கிறோம். இடுப்பு வளைவையும் விரல்களையும் இவ்வளவு வடிவாகப் பார்க்க முடிவதும் அதனால்தான். அந்த வடிவில் மயங்கி நிற்கும்போதே, சிலைக்குக் கீழே பெயரும் காலமும் மட்டும் போதுமா என்று நாங்கள் எங்களுக்குள் கதைத்தோம். கல்வெட்டின் படியொன்றையும், காளை நின்ற இடம் இதுதான் என்ற ஒரு வரியையும் வைத்தால் என்ன?