லயத்துக்கு வந்த சிமெண்டுக் கல்

ஜொகூரில் ரெங்கம், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டனார் குடியிருந்த லயங்களை நினைத்துப் பார்ப்போம். பலகைச் சுவர், மேலே அத்தாப்பு, பிற்பாடு தகரம். பலகையைக் கறையான் அரித்தது. அடுத்த வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்டது. அங்கே சிமெண்டுக் கல் எப்படி வந்து சேர்ந்தது?

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நடுவே துளை விட்ட கல்லை வார்க்கும் யந்திரத்துக்கு அமெரிக்கரான ஹார்மன் பாமர் 1900-இல் உரிமை பெற்றார். துளையால் கல் இலேசாகிறது, சிமெண்டும் மிச்சம்.

இதற்குச் சூளையும் விறகும் வேண்டாம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு மணலும் பொடிக்கல்லும் சேர்ப்பார்கள். தண்ணீர், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்குத்தான். அச்சிலிட்டுக் குத்தி எடுத்த கல்லை உடனே சுவரில் ஏற்றக் கூடாது. நிழலில் வைத்து ஒரு வாரமாவது நனைத்து வரவேண்டும். சிமெண்டு இறுகுவது தண்ணீரோடு கூடித்தான். வெயிலில் காயப் போட்ட கல் சுரண்டினால் உதிரும். நாம் அலுத்துக்கொள்ளும் ஜொகூர் மழை, முதல் நாளைத் தவிர மற்ற நாட்களில் கல் வார்ப்பவருக்குக் கைகொடுக்கும்.

1966-இல் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் வந்தது. 1990-இல் அதனிடத்தில் வேறொரு சட்டம் வந்தது. இந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் பலகை லயங்கள் போய்ச் செங்கல், சிமெண்டுக் கல் வீடுகள் எழுந்தன. சுவர் உறுதியாயிற்று. வீடு மட்டும் தோட்டத்துடையதாகவே இருந்தது. நாற்பது ஆண்டு பால் வெட்டியவரும், வேலை முடிந்ததும் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வெளியே வந்தார்.