கடைமடையின் மறுப்பு: கஜா புயலும் இணையமும் செய்தியும்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று பகலெல்லாம் தொலைக்காட்சிகளில் ஓடிய செய்தி, அரசு முன்கூட்டியே விழித்துக்கொண்டு செயல்பட்டது என்பதுதான். 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள், அதில் பொய்யில்லை. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலினே பேரிடர் மேலாண்மை ஆணையத்தைப் பாராட்டினார். சில நாட்களிலேயே செய்தி தலைகீழானது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன, குடிநீர் இல்லை, அதிகாரிகள் வரவில்லை, தேசிய ஊடகங்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே பிறகு வந்த நாட்களின் தலைப்புச் செய்தி.

இந்தத் திருப்பத்தைக் ‘குடிமக்கள் இதழியல்’ என்ற வகைக்குள் அடக்குவது வழக்கம். கையில் போன் வைத்திருப்பவரெல்லாம் நிருபர் என்கிறது அந்த வாதம். காவிரிப் படுகையின் அனுபவம் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. இங்கே மக்கள் செய்தியைப் படைக்க முனையவில்லை. வந்துவிட்ட செய்தியை மறுத்தார்கள். அப்படி மறுக்கும் வலிமையும் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ, வெளியூரில் யாருக்குப் பிள்ளை இருந்ததோ, அவர்கள் பக்கமே அது சாய்ந்தது.

புயல் அடித்த ஊர்களில் இணையமே இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் விழுந்தன. கைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடிப்போய்க் காசு கொடுத்து சார்ஜ் போட்டார்கள். அப்படியானால் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வேலை பார்த்த டெல்டாப் பிள்ளைகள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரத்திலிருந்து கடல் தாண்டிப் போவது தலைமுறைப் பழக்கம். சிக்னல் கிடைத்த இடம்வரை பைக்கில் வந்து ஒருவர் அனுப்பிய நாலு படம், வெளிநாட்டில் ஒரு அறையில் இருந்தவருக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுதும் பரவியது. “எங்க ஊரு ஏன் டிவியில வரல?” என்று கேட்டவர் ஊரில் இல்லாதவர். வீட்டோடு பேச முடியாத தவிப்பு அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதன் வேகமும் அதனால்தான்.

இந்தக் கேள்வி செய்தி அறைக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பார்க்க, வட்ட அளவில் வேலை செய்யும் பகுதிநேர நிருபரிடம் போக வேண்டும். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. புயல் கடந்த அன்று சாலையெல்லாம் மரம். அவர் கையில் இருந்தது மாவட்ட நிர்வாகம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குறிப்பு மட்டுமே. முதல் நாள் செய்தி ஆட்சியர் அலுவலகத்தின் குரலாக ஒலித்ததற்கு இதைவிடப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. அந்த இடைவெளியில்தான் கிராமத்திலிருந்து காணொளிகள் வரத் தொடங்கின. “போனைப் படுக்க வச்சு எடுங்க” என்பது நிருபர்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும் வழக்கமான பாடம்.

அந்தக் காணொளிகளின் அமைப்பு கவனத்துக்குரியது. பேசுகிறவர் எடுத்த எடுப்பில் மாவட்டம், வட்டம், ஊராட்சி, ஊர் என்று வரிசையாகச் சொல்கிறார். பிறகு ‘மாண்புமிகு’ போட்டு முதலமைச்சரையோ, ஆட்சியரையோ விளிக்கிறார். அதற்குப் பிறகே என்ன போயிற்று என்ற விவரம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எழுதி எடுத்துப்போகும் மனுவின் வடிவம் இது. தஞ்சை விவசாயி காலங்காலமாகப் பழகிய எழுத்து மனுதான்; அதையே அவர் கேமராவுக்கு முன்னால் வாசித்தார். தொலைக்காட்சி, முன்பாதியை வெட்டிவிட்டுச் சாய்ந்த மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அதிகாரியிடம் வைத்த கோரிக்கை, பார்வையாளருக்கான சோகக் காட்சியானது. ‘மக்கள் ஊடகத்தை வடிவமைத்தார்கள்’ என்று சொல்வதற்கு முன்னால், ஊடகம் அவர்கள் பேச்சை எங்கே வெட்டியது என்பதையும் பார்ப்பது நேர்மை.

இணையத்துக்கு இவ்வளவு பெருமை தரலாமா, சாலை மறியல்தானே அரசை அசைத்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் உட்பகுதிகளிலும் மக்கள் மறித்து உட்கார்ந்தார்கள்; நவம்பர் 20 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஹெலிகாப்டரில் வந்ததுகூட மக்களைச் சந்திக்கத் தயங்குவதாகவே பேசப்பட்டது. ஆனால் மறியல் டெல்டாவுக்குப் புதிதல்ல. தண்ணீர் வராத ஆண்டெல்லாம் நடப்பது. வழக்கமாக அது உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியோடு முடியும். இந்த முறை மறியல் ஏன் என்பதைப் படங்கள் முன்பே சொல்லிவிட்டிருந்தன. மறியலை ‘போக்குவரத்து பாதிப்பு’ என்று எழுத முடியாமல் போனதே இணையம் செய்த வேலை.

இனி, யாருடைய இழப்பு செய்தியானது என்ற கேள்வி. நெல்லுக்குப் பேர்போன தஞ்சை மாவட்டத்தில் தென்னை எப்படி முகமானது? 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாயின் வாலில் இருப்பவை பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள். கடைமடைக்குத் தண்ணீர் நிச்சயமில்லாததால் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர்கள் பலர். இருபது, முப்பது ஆண்டு வளர்த்த மரம் ஒரே இரவில் விழுந்ததைப் படமெடுத்தால் எந்த விளக்கமும் வேண்டாம். அரசு நிவாரணமாக மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். முழுதும் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய். தோப்புக்காரருக்குக் கிடைத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை; புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாகும், அவர் இழந்ததில் அந்த நிவாரணம் சிறுபங்கு. ஆனால் அந்தத் தோப்பில் தேங்காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் பறிபோன ஆண்டுக்கணக்கான வேலைக்கு எந்தத் தலைப்பிலும் நிவாரணம் இல்லை. விழுந்த மரத்தைப் படமெடுக்கலாம். இல்லாமல் போன கூலியை எப்படிப் படமெடுப்பது? நிவாரண லாரிகள் பிரதான சாலையோரத்திலேயே தீர்ந்துபோய், உள்ளே இருந்த காலனிகளுக்குப் பிந்தியதும் இதே கோணலின் மறுபக்கம். இணையத்தில் எந்த ஊரின் பெயர் அடிபட்டதோ அந்த ஊருக்கே வண்டி போயிற்று.

நாலு ஆண்டுக்கு மேல் கழித்து, வந்த செய்தியை மறுக்கும் இந்தப் பழக்கம் வேறொரு முதிர்ச்சியைக் காட்டியது. 2023 மார்ச் 29 அன்று ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட நிலக்கரிச் சுரங்க ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி ஆகியவை இருந்தன. வடசேரி ஒரத்தநாடு வட்டத்து ஊர். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் அந்த ஊர் உட்பட தஞ்சாவூர் மாவட்டம் முழுவதையும் ஏற்கெனவே தழுவியிருந்தது. இம்முறை பரவியது படமோ, கண்ணீரோ அல்ல. ஓர் அரசு ஆவணத்தின் பட்டியல். விவசாயிகளும் சூழலியல் ஆர்வலர்களும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றம் விவாதித்தது. ஏப்ரல் 8 அன்று மூன்று பகுதிகளும் விலக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி ட்விட்டரில் அறிவித்தார். பத்து நாளில் முடிந்த கதை. மீத்தேன் திட்ட எதிர்ப்புக்காக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் உயிர்விட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இந்த வேகம் மலைக்க வைக்கிறது. அந்த நடையும் நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களின் எண்ணெய்-எரிவாயு எதிர்ப்புப் போராட்டங்களும் ஊருக்குள் உண்டாக்கிய பழக்கம் இல்லாவிட்டால், அந்தப் பட்டியலில் ‘வடசேரி’ என்ற பெயர் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆய்வாளர்களுக்கு இங்கே அவசரமான ஒரு வேலை இருக்கிறது. 2018 நவம்பரின் காணொளிகளை ஓரிடத்தில் திரட்ட வேண்டும். தொலைக்காட்சியில் ஓடியது நறுக்கிய துண்டு. முழுக் காணொளி, எடுத்தவர் போனிலோ, வெளிநாட்டு உறவினர் போனிலோ கிடக்கிறது. போன் மாற்றும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு அழிகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை இதற்குக் காட்டலாம். தோப்புக்காரர் மனு வாசித்து முடித்த பின்னும் கேமரா ஓடிக்கொண்டிருந்தால், பின்னால் நிற்கும் கூலிப்பெண் பேசத் தொடங்கியிருப்பாள். அவள் சொன்னது எந்தச் செய்தியிலும் வரவில்லை. பதிவு மிஞ்சியிருந்தால் அதைக் கேட்டு எழுத முடியும்.