காடிஸ்: கப்பலை எதிர்பார்த்து நின்ற நகரம்

ஸ்பெயினின் தென்மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு காடிஸ். பினீசிய வணிகர் வைத்த பெயர் 'காதிர்', மதில் சூழ்ந்த இடம். கி.மு. 1100 அளவில் தோன்றியது என்பது மரபுச் செய்தி. அகழ்வாய்வுகள் காட்டுவதோ கி.மு. 9ஆம், 8ஆம் நூற்றாண்டுகளை.

கணக்கு எழுதிப் பழகிய எமக்கு இந்நகரின் வரவும் செலவும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுடனான வணிகம் முன்னர் செவில் நகரின் தனியுரிமை. அங்கு போகும் குவாதல்கிவீர் ஆற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டு இருந்ததால் பெருங்கப்பல்கள் சிரமப்பட்டன. 1717இல் அவ்வணிகத்தை நிர்வகித்த அரச மன்றம் காடிசுக்கு மாற்றப்பட்டது. பிறகென்ன, பணம் கொட்டியது. தமது கப்பல் வருகிறதா என்று பார்க்க வணிகர்கள் வீட்டுக் கூரைகளில் கோபுரங்கள் எழுப்பினர். நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. 1722இல் பேராலய வேலையும் தொடங்கியது.

ஆனால் 1778இல் வேறு பல ஸ்பானியத் துறைமுகங்களுக்கும் அவ்வணிகம் திறந்துவிடப்பட்டது. பின்னர் குடியேற்ற நாடுகளே கைவிட்டுப் போயின. பேராலயம் முடியும்போது ஆண்டு 1838. சுவரில் கல்லின் நிறம் இடையிலே மாறுவதை இப்போதும் பார்க்கலாம்.

இதற்கிடையில், 1810 முதல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தபோதே, இங்கு கூடிய பிரதிநிதிகள் 1812 மார்ச் 19இல் ஓர் அரசியலமைப்பை வெளியிட்டனர். இறைமை மன்னனுக்கன்று, தேசத்துக்கே என்றது அது. கடல் கடந்த நாடுகளின் பிரதிநிதிகளும் அதில் ஒப்பமிட்டனர். ஆயினும் ஆபிரிக்க வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை தானாகக் கிடைக்கவில்லை. தகுதியை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1814இல் நாடு திரும்பிய மன்னன் ஏழாம் பெர்டினாந்து அந்த அரசியலமைப்பையே இரத்துச் செய்தான்.