அவசர வயிற்றறுவைக்கு முன் இடர் மதிப்பீடு: தணிக்கைக் கருவி படுக்கையருகே வந்த வரலாறு

1941-இல் சாக்லட், ரோவன்ஸ்டைன், டெய்லர் ஆகிய அமெரிக்க மயக்கவியலர் நோயாளியின் உடல்நிலையைத் தரப்படுத்தும் முறையொன்றை வகுத்தனர். அறுவையின் இடரைக் கணிப்பது அவர்தம் நோக்கமன்று. மருத்துவரின் திறன், அறுவையின் தன்மை எனப் பல காரணிகள் கலந்த இடரை ஒரு தரத்தால் அளக்கவியலாது என்றே அவர்கள் கருதினர். பின்வந்தோர் அத்தரத்தையே இடரின் அளவுகோலாக ஆண்டனர்.

இதே பிறழ்ச்சி இங்கிலாந்தில் மீண்டும் நிகழ்ந்தது. 1991-இல் கோப்லாண்ட் குழுவினர் வெளியிட்ட ‘போசம்’ மதிப்பெண் முறை 12 உடலியக்கக் கூறுகளையும் 6 அறுவைக் கூறுகளையும் கொண்டது. அறுவைப் பணியைப் பின்னர்த் தணிக்கை செய்வதற்கென அமைந்தது. குருதியிழப்பின் அளவு, வயிற்றறையில் சீழோ மலமோ கலந்திருந்தமை, புற்றின் பரவல் ஆகியன வயிற்றைத் திறந்த பின்னரே உறுதிப்படுபவை. இம்முறையையும் 1998-இல் திருத்தப்பட்ட அதன் போர்ட்ஸ்மவுத் வடிவத்தையும் அறுவைக்கு முன்பே பயன்படுத்தியபோது, மருத்துவர் இவற்றை ஊகித்து நிரப்ப நேர்ந்தது. ஊகத்தின்மேல் எழுந்த எண் தசமப் புள்ளியோடு வருகையில் துல்லியமாகத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் அவ்வெண்ணுக்குத் தேவை இருந்தது. 35 பிரித்தானிய மருத்துவமனைகளின் 1,853 நோயாளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, 30 நாள் இறப்பு வீதம் 14.9 விழுக்காடு எனக் கண்டது. மருத்துவமனைதோறும் அது 3.6 முதல் 41.7 வரை வேறுபட்டது. நோயாளிகளின் நிலை வேறுபாட்டிற்கேற்பச் சரிசெய்யப்படாத எண்கள் இவை எனினும், இவ்விடைவெளியைப் புறக்கணித்தல் அரிது. இதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்து அறுவை மருத்துவர் ராயல் கல்லூரி, கணித்த இறப்பிடர் 5 விழுக்காட்டை எட்டினோரை உயரிடர் நோயாளிகளாகக் கொண்டு, மூத்த மருத்துவர் முனைப்புடன் ஈடுபட வேண்டுமெனப் பரிந்துரைத்திருந்தது. தணிக்கையாளரின் எண் நள்ளிரவில் மூத்தவரை அழைக்கும் ஆணையாக மாறியது இங்குதான். என் கருத்தில், கணிப்பின் துல்லியத்தைவிட இம்மாற்றமே வரலாற்றில் முதன்மையானது.

2013 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தொடங்கிய தேசிய அவசர வயிற்றறுவைத் தணிக்கை, அறுவைக்கு முன் இடர் பதிவாயிற்றா என்பதையே ஓர் அளவுகோலாக்கியது. அத்தணிக்கைத் தரவிலிருந்து 2018-இல் தனிக் கணிப்பு மாதிரியும் பிறந்தது. அதிலும் வயிற்றறை மாசு ஒரு கூறாக நீடித்தது. ஊகம் முற்றும் அகலவில்லை.

93 மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ‘எபாக்’ ஆய்வு, 37 கூறுகள் கொண்ட பராமரிப்பு நெறியைப் பரப்பியும் 90 நாள் இறப்பு வீதம் இரு பிரிவுகளிலும் 16 விழுக்காடாகவே நின்றதைக் காட்டியது. அக்கூறுகளுள் பலவற்றை மருத்துவமனைகளால் முழுமையாக நடைமுறைப்படுத்த இயலவில்லை.