நிறம் பார்த்து ஏறிய டிராம்

பழைய டிராம் என்றாலே எனக்குக் கறுப்பு வெள்ளைதான் ஞாபகம் வரும். அந்தக் காலமே சாம்பல் நிறத்தில் இருந்த மாதிரி ஒரு நினைப்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ டிராம்களை வண்ணப் படங்களில் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு தப்புன்னு புரிந்தது.

அங்கே 1872இல் குதிரை டிராம் வந்தது, 1898இல் மின்சார டிராம். பிற்பாடு ஓடிய மாடி டிராம்களில் மேல்தட்டு ஜன்னல்களுக்குக் கீழே அகலமான ஒரு பட்டை இருக்கும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை என ஐந்தில் ஒரு நிறம். வண்டி எந்த வழியில் போகிறது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். படிக்கத் தெரியாதவர்கூட தூரத்திலேயே பார்த்து, 'நம்ம வண்டி வருது'ன்னு தயாராகலாம்.

இதையே கறுப்பு வெள்ளைப் படத்தில் பாருங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியும். பயணி முதலில் தேடிய தகவலே படத்தில் இல்லை!

சாதாரண 35 மி.மீ. கேமராவுக்குக் கோடாக்குரோம் வண்ண ஃபிலிம் வந்தது 1936இல். அது பரவலாவதற்குள் தடங்களுக்கு எண் கொடுத்துவிட்டார்கள். பட்டைகள் மெல்ல மறைந்தன. 1962 செப்டம்பர் 4 அன்று கடைசி டிராம் ஊர்வலத்தைப் பார்க்க மழையிலும் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். வழி சொன்ன பட்டைகளோ அன்றாடத் தெருவிலிருந்து அதற்கு முன்பே போயிருந்தன.

இன்றைக்குப் பழைய படங்களுக்குக் கணினி வண்ணம் பூசுகிறது. பட்டை பச்சையா, சிவப்பா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஊகிக்கத்தான் முடியும்.

உங்கள் வீட்டில் பழைய பஸ் படம் ஏதாவது இருக்கிறதா? அந்த பஸ் என்ன நிறம்னு பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.