மலையேறிய பாதரசம்

1980-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்துப் பேரையூருக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஒரே கலெக்டர்தான். திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-ல். அதற்கு முன்பே, மதுரை மாவட்டத்தின் அந்த மலைக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தொழிற்சாலை வந்து சேர்ந்துவிட்டது. நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் இயங்கிய பழைய தெர்மாமீட்டர் ஆலை. கொண்டுவந்தது செஸ்ப்ரோ பாண்ட்ஸ் நிறுவனம். 1987-ல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது.

பாதரசம் கொதிக்க 357 டிகிரி வேண்டும். ஆவியாக அறை வெப்பமே போதும். சிந்தினால் முத்து முத்தாக உருண்டோடித் தரை இடுக்கில் பதுங்கும். அந்த ஆவிக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூச்சோடு உள்ளே போவதில் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கிவிடும். கை நடுங்கும், ஈறு வீங்கும், மறதி வரும், சிறுநீரகம் கெடும். புதிய சேதியல்ல இது. வெனிஸ் நகரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி செய்தவர்களைப் பாதரசம் படுத்திய பாட்டை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்துவிட்டார்.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், ஒரு பழைய சாமான் கடையில் விஷயம் வெடித்தது. அந்த ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, சாக்குகளில் 7.4 டன். கிரீன்பீஸ், பழனிமலைப் பாதுகாப்புக் குழு ஆகிய சுற்றுச்சூழல் அமைப்பினரோடு ஊர்மக்களும் திரள, அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது.

கழிவை எடை போட்டுக் காட்ட முடிந்தது. நோயை எப்படிக் காட்டுவது? ஆலையில் யாருக்கும் பாதரசத்தால் பாதிப்பில்லை என்றது நிறுவனம். தொழிலாளர்கள் 2006-ல் உயர்நீதிமன்றப் படியேறினார்கள். உடம்பில் சேர்ந்த பாதரசத்தில் பாதி, சுமார் இரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் செய்த கெடுதல் மட்டும் மிஞ்சும். ஐந்து வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் அதில் என்ன தெரியும்? வேலை பார்த்த நாளில் எடுத்த சோதனைக் குறிப்புதான் சாட்சி.

2016 மார்ச்சில் 591 பேருடன் சமரசம் ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் பணம் தருகிறோம் என்றது நிறுவனம், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் 1987-ல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம், ரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளியின் மருத்துவக் குறிப்பை முதலாளி பராமரிக்க வேண்டும், தொழிலாளிக்குக் காட்டவும் வேண்டும் என்றது. வேலையை விட்ட பிறகு அந்தத் தாளைத் தேடுவது பெரும்பாடு. சம்பளச் சீட்டைப் போல, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)