பட்டம் ஆண்ட காலமும் எங்கள் பாறசாலையும்

பாறசாலையில் தேர்தல் சுவரெழுத்து மலையாளத்தில்தான் இருக்கும். வீட்டுப் படியேறி ஓட்டுக் கேட்கும்போது மட்டும் வேட்பாளருக்குத் தமிழ் வந்துவிடும். இடது, வலது என்று கேரளமே இரண்டாகப் பிளந்து கிடப்பதாகச் சொல்கிறார்கள். எல்லையோரத்துக்காரனான நான் அதைப் பாதிதான் நம்புவேன். 1954-ல் நடந்த கதை அப்படி.

அந்த ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையின் 117 இடங்களில் காங்கிரசுக்கு 45, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு வெறும் 19. முதலமைச்சர் ஆனவரோ சோஷலிஸ்டான பட்டம் தாணுப்பிள்ளை! கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாதென்று காங்கிரஸ் வெளியே நின்று தாங்கியது. 1948-ல் காங்கிரஸ் தலைவராகத் திருவிதாங்கூரின் பிரதம மந்திரியாக இருந்தவரும் இதே பட்டம்தான்.

சபையில் மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12 பேர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், கூடவே எங்கள் நெய்யாற்றின்கரை ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 'பதவி விலகு' என்று பட்டத்திடம் சொன்னவர் அவர் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியா, அதுவும் சிறைக்குள்ளிருந்து. பட்டம் அசையவில்லை. காங்கிரசும் கையை எடுக்கவில்லை. 1955 பிப்ரவரியில்தான் எடுத்தது.

எங்கள் தமிழ்நாடு காங்கிரஸ் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. முந்தைய ஏ.ஜே. ஜான் மந்திரிசபையைத் தாங்கி நின்றதும், 1953-ல் கைவிட்டுக் கவிழ்த்ததும் அவர்களே.

மாநிலச் சீரமைப்புக்கான ஃபசல் அலி ஆணையம் நெய்யாற்றின்கரையைச் சென்னைக்குத் தரவில்லை. 1956 நவம்பர் 1 முதல் பக்கத்துக் களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம், நாங்கள் கேரளப் பக்கம். போராடிய கட்சி காங்கிரசில் கரைந்தது. நேசமணியே 1962-ல் காங்கிரஸ் எம்.பி. இங்கே மிஞ்சிய நாங்கள் காங்கிரசுக்கும் கம்யூனிஸ்டுக்குமாகப் பங்குபோனோம். 1960-ல் காங்கிரசும் சோஷலிஸ்டும் பகிரங்கமாகவே கூட்டு வைத்தார்கள். முதலமைச்சர்? மறுபடியும் பட்டம்.

பிற்காலத்தில் கட்சி தாவலுக்கு மந்திரிசபைகூடத் தேவைப்படவில்லை. 2006-ல் பாறசாலையிலும் 2011-ல் நெய்யாற்றின்கரையிலும் மார்க்சிஸ்டாக ஜெயித்த ஆர். செல்வராஜ், 2012 மார்ச்சில் பதவியை விட்டார். ஜூன் இடைத்தேர்தலில் அதே தொகுதியில் காங்கிரஸ்காரராக 6,334 ஓட்டில் ஜெயித்தார். ஓட்டர்களுக்குத் தலைசுற்றியதாகத் தெரியவில்லை.

இந்தக் கட்சிகள் மனமொத்து நிற்கும் இடம் தெரிய வேண்டுமானால் நெய்யாறு இடதுகரைக் கால்வாயைப் பாருங்கள். தமிழ்நாட்டு விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் போக வேண்டிய தண்ணீரை 2004-ல் கேரளம் நிறுத்தியது. அப்போது ஏ.கே. அந்தோணி ஆட்சி. பிறகு அச்சுதானந்தன், உம்மன் சாண்டி, பினராயி என்று இரு முன்னணியும் மாறி மாறி வந்தும் பழைய வழக்கப்படி தண்ணீர் போகவில்லை. தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். 2012-ல் ஜெயலலிதா அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பின்னால் வந்த தி.மு.க. அரசும் வழக்கை விடவில்லை.

எங்கள் ஊர் டீக்கடையில் சபரிமலை தொடங்கி சகலத்துக்கும் சண்டை நடக்கும். கால்வாய் ஷட்டரைத் திறக்கலாமா என்று கேட்டால் மட்டும் செங்கொடியும் மூவர்ணமும் ஒரே குரலில் கூடாது என்கின்றன. மகளை விளவங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தவர்கள்தான் கொஞ்சம் இழுக்கிறார்கள். சம்பந்தி வீட்டு வாழைக்கும் தண்ணீர் வேண்டுமே.